ஜமீன் பேண்டுக்கு ஆள் பழக்கியது

ஒருவனைத் தனியாக வாசிக்கப் பழக்குகிறவரை வித்துவான் என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். பத்துப் பேரை ஒன்றாக வாசிக்கப் பழக்குகிறவனை பேண்டு மாஸ்டர் என்று கூப்பிட்டு, கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் இலை போடுவார்கள். நான் இரண்டாவது ரகம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவர்கள், சப்பரம் தூக்க ஆள் சேர்த்தவர்கள், மூன்று மருமக்கள் உள்ள வீட்டில் சமையலை நடத்துகிறவர்கள் எல்லாரும் என் கட்சிதான். நான் பட்டது உங்களுக்குப் புரியும்.

சிறு வயதிலேயே ஒரு ரெஜிமெண்டின் பேண்டில் சேர்ந்து கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்தவன் நான். ரங்கூனில் காய்ச்சல் வந்து படுத்தேன். மார்பில் பலமில்லை, இனி ஊதக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முப்பது வயது முடியுமுன்னே பாளையங்கோட்டைக்குத் திரும்பி வந்து சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தச் சமயம் மேற்கே மலையடிவாரத்தில் ஒரு ஜமீன்தார், கலெக்டர் கொடுத்த விருந்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் பேண்டைக் கேட்டுவிட்டு, தமக்கும் அதுபோல ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஊதத்தானே கூடாது, பழக்கலாமே என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

பல் பார்த்தது

ஜமீன் கிராமங்களில் தமுக்கு அடித்ததும் இருபது வயதை ஒட்டிய இளவட்டங்கள் நிறையப் பேர் வந்தார்கள். பாட்டு வாத்தியார் வந்திருக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொருவனும் தொண்டையைச் செருமிக்கொண்டு முருகன் மேல் ஒரு பாட்டோடு தயாராக நின்றான். நான் பாடச் சொல்லவில்லை, வாயைத் திறக்கச் சொன்னேன். கார்னெட் என்னும் பித்தளைக் குழலுக்கு முன்பல் உறுதியாக இருக்க வேண்டும். பல் ஆடினால் சுரமும் ஆடும். ஆகையால் ஒவ்வொருவன் பல்லையும் விரலால் அழுத்தி, உதட்டை மடக்கிப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஜமீன் காரியஸ்தர் சங்கரலிங்கம் பிள்ளை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ஜமீனில் ஒரு தேங்காய் உடைத்தாலும் அதற்குக் காரணம் கேட்கிற மனிதர். எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்து சொன்னார்:

"ஏன் வே மாஸ்டர், நான் உழவுமாடு வாங்கப் போனாக்கூட இம்புட்டு நேரம் பல்லைப் பாக்க மாட்டேன். இதுல எது வண்டி இழுக்கும்னு கண்டுபிடிச்சீரா?"

சங்கு குளிக்கிறவன்

யூபோனியம் என்று ஒரு வாத்தியம் உண்டு. குழந்தையை அணைத்துக்கொள்வதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு ஊத வேண்டிய பெரிய பித்தளைக் குழல். பேண்டுக்கு அடித்தளம் அதுதான். நல்ல மூச்சுள்ளவன் வேண்டும். வயல்காட்டுப் பிள்ளைகளில் ஒருவனுக்கும் அந்த மூச்சு இல்லை. காயல்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் சங்கு குளிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானே போனேன். அங்கேதான் சூசை அகப்பட்டான். குழலை அவன் கையில் கொடுத்து ஊதச் சொன்னேன். அவன் ஊதிய ஊதலில் மணலில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் எல்லாம் சிதறி ஓடின.

ஆனால் ஒரு குறை இருந்தது. ஆழத்தில் முங்கி முங்கி அவனுக்கு இடது காது மந்தமாகியிருந்தது. கூட வாசிக்கிறவர்களைக் கேட்காமல் பேண்டில் எப்படி வாசிப்பான்? நான் தயங்கியதை அவன் அம்மா கண்டுகொண்டாள். புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். வலை உலர்த்திக்கொண்டிருந்த கையை நிறுத்தாமல் சொன்னாள்:

"ஒரு காது போதும் மாஸ்டர். இவன் அப்பாவுக்கு ரெண்டு காதும் நல்லாத்தான் கேட்டுது. கடல் கூப்பிட்டுச்சு, போயிட்டாரு. இவனுக்கு அந்தச் சத்தம் பாதி கேட்டாப் போதும்."

எச்சில்

சென்னையில் கலைத்துவிட்ட ஏதோ ஒரு பேண்டின் வாத்தியங்களை ஜமீன்தார் மொத்தமாக வாங்கியிருந்தார். அம்பாசமுத்திரம் வரை ரயிலிலும் அப்புறம் மாட்டுவண்டியிலுமாக அவை வந்து இறங்கின. பெட்டியைத் திறந்ததும் பையன்கள் முகத்தில் சந்தோஷம் வந்தது. அடுத்த நிமிஷமே போய்விட்டது. இதற்கு முன்னால் இதை யார் வாயில் வைத்தார்கள் என்ற யோசனை வந்துவிட்டது. கோயில் மேளக்காரர் மகன், வேளாளர் வீட்டுப் பிள்ளைகள், பனையேறுகிறவர் மகன், கடற்கரைக்காரன், மேலப்பாளையத்து முஸ்லிம் என்று கலந்து கட்டிய கூட்டம் அது. யாரும் தொடவில்லை.

நான் இதை எதிர்பார்த்திருந்தேன். குழல் ஜமீனுக்குச் சொந்தம், வாயில் வைக்கிற முனை அவனவனுக்குச் சொந்தம், வேலை முடிந்ததும் கழற்றி மடியில் முடிந்துகொள்ளலாம் என்று ஒரு ஏற்பாடு செய்தேன். எல்லாரும் சமாதானமானார்கள். மேளக்காரர் மகன் ஆறுமுகம் மட்டும் ஆகவில்லை. முந்தி அதை ஊதியவன் வெள்ளைக்காரச் சிப்பாயாக இருக்கும் என்று நான் சொன்னது வினையாகப் போயிற்று. தினமும் காலையில் தாமிரபரணிப் படித்துறையில் உட்கார்ந்து, புளியும் ஆற்று மணலும் போட்டு அந்த முனையைத் தேய்த்தான். வெள்ளிப் பூச்சு உரிந்து உள்ளே மஞ்சளாகப் பித்தளை தெரிந்த பிறகும் விடவில்லை. பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த சூசைதான் கடைசியில் சொன்னான்:

"ஏலே, பைய தேயி. வெள்ளைக்காரன் எச்சி எப்பவோ போயிட்டு. இப்ப நீ உன் எச்சியத்தான் தேய்ச்சுக்கிட்டிருக்க."

எருமை

பழகுவதற்கு எங்களுக்குக் கொடுத்த இடம் காலியாகக் கிடந்த யானைக் கொட்டாரம். யானை செத்த பிறகு அதில் வைக்கோல் போட்டு வைத்திருந்தார்கள். சத்தம் கல் சுவரில் மோதி இரண்டு மடங்காக வெளியே போகும். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, கொட்டாரத்துக்குப் பின்வீட்டுப் பேச்சியம்மாள் பால் செம்போடு வந்து வாசலில் நின்றாள். செம்பு காலியாக இருந்தது.

"அய்யா, நீங்க விடியக்காலம் ஊதுனா எருமை மடியை இறுக்கிக்கிடுது. சாயந்திரமா ஊதுங்க. அந்நேரம் எங்க மாமியாதான் வாயைத் தொறப்பா, எங்களுக்கும் உவகாரமா இருக்கும்."

சும்மா நிற்பது

பேண்டில் கற்றுக்கொடுக்கச் சிரமமானது வாசிப்பது என்று நினைப்பீர்கள். இல்லை. வாசிக்காமல் நிற்பதுதான். மற்றவன் வாசிக்கும்போது, தன் முறை வருகிற வரை மனசுக்குள் தாளத்தை எண்ணிக்கொண்டு குழலை இறக்கிப் பிடித்து நிற்க வேண்டும். எங்கள் பையன்களுக்கு அது அவமானமாக இருந்தது. நான் திரும்பினால் யாராவது ஒருவன் இடைவெளியில் நாலு சுரத்தைச் சொருகிவிடுவான். இடம் காலியாக இருக்கிறதே என்று ரயிலில் துண்டு போடுவார்களே, அந்த மாதிரி.

பெரிய டிரம் அடித்தவன் மீரான். மேலப்பாளையத்தில் தறி நெய்கிற குடும்பம். ஒரு நாள் அவன் வாப்பா மகனுடைய வேலையைப் பார்க்க வந்தார். அன்றைக்கு நாங்கள் எடுத்த உருப்படியில் பெரிய டிரம்முக்கு அங்கொன்று இங்கொன்றாகத்தான் அடி. மற்றவர்கள் வேர்க்க விறுவிறுக்க ஊதுகிறார்கள், மீரான் கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கிறான். பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "சும்மா நிக்கதுக்கா மாஸ்டர் தறியை விட்டு வந்தான்?" என்று என்னிடம் கேட்டுவிட்டு வருத்தத்தோடு போய்விட்டார். மீரான் மறுநாள் வரமாட்டான் என்றே நினைத்தேன். வந்தான். முகம் வாடியிருந்தது. என்ன என்று கேட்டேன்.

"தறியில ஒரு இழை விட்டுப்போனா துணி போச்சு மாஸ்டர். இங்கன விட்டு விட்டு அடிச்சாத்தான் துணி வருது. இதை வாப்பாகிட்ட எப்படிச் சொல்லதுன்னு ராத்திரி பூரா யோசிச்சேன், தெரியல."

ஒத்து

ஆறுமுகத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். அவன் கார்னெட் வாசித்தான். ராகம் அதில்தான் வரும், மற்ற வாத்தியமெல்லாம் அதற்குத் துணை. அவனைப் போலச் சீக்கிரமாகக் கற்றுக்கொண்டவனை நான் ரெஜிமெண்டிலும் பார்த்ததில்லை. ஆனால் அவன் ஒரு சுரத்தையும் நேராக விடமாட்டான். அசைத்து, வளைத்து, மேலே ஒரு இழுப்பு இழுத்துத்தான் இறக்குவான். அணிவகுப்புக்கு எழுதிய வெள்ளைக்காரப் பாட்டு, அவன் ஊதினால் சுவாமி புறப்பாடு மாதிரி ஆகிவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அதுதான் தொல்லை. மற்றவர்களும் மெய்மறந்து அவன் பின்னாலேயே வளைந்து போவார்கள், பேண்டு குலைந்துவிடும்.

நயமாகச் சொன்னேன். அதட்டினேன். ஒரு நாள் எல்லாரையும் அனுப்பிவிட்டு அவனை மட்டும் இருக்கச் சொல்லி, ஒரே ஒரு சுரத்தை நேராக ஊது, போதும் என்றேன். குழலை எடுத்தான். வாயருகே கொண்டுபோய் அப்படியே இறக்கிவிட்டான். கண் கலங்கியிருந்தது. அவன் வீட்டில் நாயனம் மூத்தவனுக்குத்தான் என்று வைத்துவிட்டார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இவன் சிறுவயதிலிருந்து அண்ணன் பக்கத்தில் நின்று ஒத்து ஊதியவன். ஒத்து என்றால் சுருதிக்காக விடாமல் ஒரே சுரத்தை ஊதிக்கொண்டிருப்பது. இரண்டு கன்னத்திலும் காற்றைத் தேக்கி, மூச்சு அறாமல், கச்சேரி முடிகிற வரை ஒரே சுரம்.

"நேரா ஊதி ஊதியே என் பாதி ஆயுசு போச்சு மாஸ்டர். இப்பத்தான் ஒரு குழல் எனக்குன்னு கையில கெடச்சிருக்கு."

ஊர்வலம்

எங்கள் முதல் ஊர்வலம் தசராவில். முன்னே கோயில் மேளம், அடுத்து நாங்கள், பின்னே பல்லக்கில் ஜமீன்தார். சிவப்புச் சட்டை, பித்தளைப் பொத்தான், வெயிலில் பளபளக்கிற குழல்கள். ஜனங்கள் மரத்தில் ஏறிப் பார்த்தார்கள். மேளத்தில் நாயனம் வாசித்தவர் ஆறுமுகத்தின் அப்பா. தெரு முனை திரும்பியதும் அவர் நின்று ஒரு ராகத்தை எடுத்தார். அந்த இடத்தில் நின்று வாசிப்பது அவர் குடும்பத்துக்கு வழக்கம். ஊர்வலம் நின்றது. ஜமீன்தாருக்குப் பொறுக்கவில்லை. தம் பேண்டை ஊருக்குக் காட்டவேண்டும் என்ற அவசரம். பல்லக்கிலிருந்து எனக்குக் கையைக் காட்டினார். வாசி என்று அர்த்தம்.

நாங்கள் வாசித்தால் அந்த நாயனம் யார் காதிலும் விழாமல் மூழ்கிப்போகும். அது எனக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும். சம்பளம் வாங்குகிறவன் நான், கையை உயர்த்தினேன். எல்லாக் குழலும் வாய்க்குப் போயின. ஆறுமுகத்தின் குழல் மட்டும் போகவில்லை. அதை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அப்பாவின் முதுகைப் பார்த்தபடி நின்றான். அதற்குள் என் கை இறங்கிவிட்டது, தொடங்கு என்ற சைகை அது. பேண்டு தொடங்கிவிட்டது. பாட்டை எடுத்துப் போக வேண்டியவன் ஊதவில்லை. ஆகவே துணை வாத்தியங்கள் மட்டும், சூசையின் அடிக்குரலும் மீரானின் டிரம்மும் மற்றவர்களின் முனகலுமாக, நொண்டி நொண்டி நடந்தன. நான் கையால் சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன், குறைத்தார்கள். அந்தச் சத்தத்துக்கு மேலே நாயனம் தெளிவாகக் கேட்டது. பெரியவர் ராகத்தை முடிக்கிற வரை அப்படியே போயிற்று. ஆறுமுகத்துக்கு உதடு வெடித்துவிட்டது என்று அன்று ஜமீன்தாரிடம் சொன்னேன். அவர் நம்பினார். அவருடைய பல்லக்குக்குப் பக்கத்தில் நடந்துவந்த சங்கரலிங்கம் பிள்ளை நம்பவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"வே, உம்ம பேண்டு எனக்கு இன்னைக்குத்தான் வே பிடிச்சுது. இனிமே இதே மாதிரி ஒருத்தன் உதடு அப்பப்ப வெடிக்கட்டும்."

குளிப்பாட்டியது

மறுநாள் ஆறுமுகத்தின் அப்பா கொட்டாரத்துக்கு வந்தார். நான் எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். உட்காரவில்லை. மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "என்ன படிச்சிருக்கான்னு கேக்கணும்" என்றார். ஆறுமுகம் கார்னெட்டை எடுத்து, அந்த அணிவகுப்புப் பாட்டை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தான். ஒரு சுரம் அசையவில்லை. சுரம் எழுதிய தாளில் எப்படி இருந்ததோ அப்படியே கோடு கிழித்தது போல. எத்தனை மாதம் நான் கெஞ்சியும் வாசிக்காததை அப்பா முன்னால் வாசித்துக் காட்டினான். பயந்து வாசித்தானா, தான் வேறு ஆள் என்று காட்ட வாசித்தானா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் என்னைப் பார்த்து, கோபமில்லாமல் சொன்னார்:

"சுத்தமா இருக்கு மாஸ்டர், ஒண்ணும் சொல்லதுக்கில்ல. பிள்ளையை நல்லாக் குளிப்பாட்டி, துணி மட்டும் உடுத்தாம வாசல்ல நிறுத்துன மாதிரி இருக்கு."

கம்பியின் மேல்

டில்லியில் புது ராஜாவுக்கு முடிசூட்டிய மறு வருஷம் எங்கள் ஜமீன்தார் காலமானார். வாரிசு சின்னப் பிள்ளை. சர்க்கார் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. வெட்டிச் செலவு என்று முதலில் பேண்டைத்தான் நிறுத்தினார்கள். பிள்ளைகளை ஆளுக்கொரு இடத்தில் சேர்த்துவிட நான் அலைந்தேன். மீரான் கொழும்புக்குப் போய் ஒரு ஓட்டலில், வெள்ளைக்காரர்கள் சாப்பிடும்போது வாசிக்கிற கோஷ்டியில் சேர்ந்தான். அங்கே தாளைப் பார்ப்பதைவிட சாப்பிடுகிறவர்கள் முகத்தைப் பார்த்து அடிக்கப் பழகிக்கொண்டதாக ஊருக்கு வந்தபோது சொன்னான். ஆறுமுகம் ஒரு சர்க்கஸில் சேர்ந்தான்.

அந்த சர்க்கஸ் திருநெல்வேலிக்கு வந்து ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டபோது மாலை ஆட்டத்துக்குப் போனேன். பேண்டு உட்கார்ந்திருந்த பலகைக்குப் பக்கத்தில், சர்க்கஸ் மானேஜர் எனக்கு இடம் கொடுத்தார். தலைச்சேரிக்காரர். ஒரு பெண் குடையோடு உயரத்தில் கம்பி மேல் நடந்தாள். ஆறுமுகத்தின் கார்னெட் அவளோடு நடந்தது. நடுக்கம்பியில் அவள் நின்றுவிட்டாள். கால் நடுங்கியது. பாட்டு முடிகிற இடம் அது, எழுதியிருக்கிறபடி அங்கே நிறுத்த வேண்டும். ஆறுமுகம் நிறுத்தவில்லை. கடைசிச் சுரத்தைப் பிடித்துக்கொண்டான். கன்னம் உப்பியது, மூச்சு அறவில்லை. அசைவில்லாமல் வெகுநேரம் நின்ற அந்தச் சுரம், அப்புறம் பைய வளையத் தொடங்கியது. குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி. அவள் ஒரு அடி வைத்தாள். இன்னொரு அடி. மறுமுனையில் அவள் காலை ஊன்றிய பிறகுதான் அவன் குழலை இறக்கினான். நெற்றியைத் துடைத்துக்கொண்டே மானேஜர் என்னிடம் சொன்னார்:

"வேற ஆளா இருந்தா பாட்டு தீர்ந்ததும் நிறுத்திடுவான். இவன் அவள் வந்து சேர்ற வரைக்கும் நிறுத்த மாட்டான். அதனாலே அவளும் இவன் இல்லாத நாள் கம்பி ஏற மாட்டாள்."

சூசை

சூசையை நான் என் பழைய சிநேகிதன் ஒருவன் மூலம் ஒரு ரெஜிமெண்டின் பேண்டில் சேர்த்துவிட்டேன். அவன் அம்மாவுக்குத் திருப்தி. பட்டாளம் என்றாலும் தரையில்தானே இருக்கிறான் என்றாள். ஜெர்மன் சண்டை வந்தது. அவர்களைக் கப்பலேற்றி பஸ்ராவுக்குக் கொண்டுபோனார்கள். வெகுகாலம் ஒரு தகவலும் இல்லை. அவள் ஒரு நாள் கடற்கரையிலிருந்து பாளையங்கோட்டைக்கு நடந்தே வந்து என் வீட்டில் உட்கார்ந்தாள். குழல் ஊதுகிறவனையும் சண்டைக்குக் கூட்டிப்போவார்களா என்று மட்டும் கேட்டாள். பேண்டுக்காரர்கள் பின்னால்தான் இருப்பார்கள் அம்மா என்றேன். சண்டைக் காலத்தில் பேண்டுக்காரன் வேலை காயம்பட்டவர்களைத் தூக்குவது என்பது எனக்குத் தெரியும். என் ரெஜிமெண்டில் நாங்களும் அதைப் பழகியிருந்தோம், சிரித்துக்கொண்டே. அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு எழுந்து போனாள்.

சண்டை முடிந்து சூசை வந்தான். ஊரில் அம்மாவைப் பார்த்துவிட்டு அடுத்த நாளே என்னைப் பார்க்க வந்தான். மெலிந்து கறுத்திருந்தான். கை கால் எல்லாம் இருந்தன. என் வீட்டு மூலையில் இருந்த பழைய கிளாரினெட்டைப் பார்த்தான், தொடவில்லை. என்ன பேசுவது என்று தெரியாமல், அங்கே என்ன உருப்படியெல்லாம் வாசித்தீர்கள் என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான்:

"குழலையெல்லாம் பெட்டியில போட்டு ஆணி அடிச்சுட்டாங்க மாஸ்டர். அங்கன நாலு பேரு சேந்து கட்டில் தூக்கதுதான் பேண்டு. ஒருத்தன் ஒரு அடி முந்திட்டாலும் மேல கெடக்கவன் அலறுதான். அவன் சத்தமில்லாம வந்து சேந்துட்டா, அன்னைக்கு நல்லா வாசிச்சிருக்கோம்னு நாங்களே சொல்லிக்கிடுவோம்."

எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி வாசிக்கத்தான் நான் எல்லாருக்கும் பாடுபட்டுச் சொல்லிக் கொடுத்தேன், என் பிள்ளைகளில் ஒருவன்கூட அதைச் செய்து பிழைக்கவில்லை என்றாலும், மகனுக்கு ஒரு வேலை ஆகவேண்டும் என்கிறவர்கள் பாளையங்கோட்டையில் இன்னும் என் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கிறார்கள்.